‘சிறு வயது முதல்’ என்று எழுதியிருந்தார்கள்

கடிதம் வந்த அன்று நான் வீட்டில் இல்லை. மரவள்ளிக்குத் தண்ணீர் கட்டப் போயிருந்தேன். தபால்காரரிடம் கையெழுத்துப் போட்டு வாங்கியவள் என் மனைவி. பழுப்பு உறைக்குள் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்த ஒரே ஒரு தாள். கல்லூரி லீவுக்கு வந்திருந்த அவளுடைய தம்பி அதைப் பிரித்துப் படித்து அவளுக்கு அர்த்தம் சொல்லியிருக்கிறான். அதோடு விடாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் அவனுடைய அப்பாவிடமும் சொல்லியிருக்கிறான். நான் மண்வெட்டியோடு வாசலுக்கு வந்தபோது என் மாமனார் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

கல்யாணமாகி ஒரு வருஷம் அவர் என்னை ‘வாங்க மாப்ள’ என்றுதான் கூப்பிட்டார். அன்று அந்த ‘ங்க’ காணாமல் போயிருந்தது.

“பொறந்ததுல இருந்தே செவுடு. மறைச்சுத்தான் மிலிட்டிரில சேந்திருக்க. மறைச்சுத்தான் எம் பொண்ணயும் கட்டியிருக்க.”

அவர் என் இடது பக்கம் இருந்ததால் பாதிதான் விழுந்தது. திரும்பி நின்று, “என்னா சொல்றீங்க?” என்றேன்.

“பாத்தியா?” என்று அவர் மகளைப் பார்த்துச் சொன்னார். அவள் என்னைப் பார்க்கவில்லை. கடிதத்தைக் கட்டிலின் மேல் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

ராணுவத்தில் நான் மூன்று வருஷம் இருந்தேன். பீரங்கிப் படை. காது போனதால் வெளியே அனுப்பிவிட்டார்கள். ஊனமுற்றவர்களுக்கான பென்ஷன் கேட்டு மனுப் போட்டிருந்தேன். அதற்கான பதில்தான் அந்தக் கடிதம். மச்சானைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒவ்வொரு வார்த்தையாகக் கேட்டேன். இடது காதில் நாட்பட்ட சீழ், செவித்திறன் இழப்பு. சிறு வயது முதல் இருப்பது. நோயாளியே சொன்னபடி. படையில் சேரும்போது மறைக்கப்பட்டது. ராணுவப் பணியால் வந்ததும் அல்ல, பணியால் கூடியதும் அல்ல. ஆகவே மனு நிராகரிக்கப்படுகிறது.

“நோயாளியே சொன்னபடின்னா?” என்று கேட்டேன்.

“நீங்களே ஒங்க வாயால டாக்டர்கிட்ட சொல்லியிருக்கீங்கன்னு அர்த்தம்ங்க மாமா.” அவனுக்கு அதைச் சொல்வதில் ஒரு சந்தோஷம் இருந்தது என்றுதான் எனக்கு அப்போது பட்டது. இப்போதும் அப்படித்தான் படுகிறது.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். வடக்கே ஒரு மணல்காட்டில் பீரங்கிப் பயிற்சி. குண்டுகளைத் தூக்கிக் கொடுப்பது என் வேலை. சுடும்போது காதில் பஞ்சு வைத்துக்கொள்வோம். யாரோ என்னைக் கூப்பிட்டது போலிருந்தது. என்ன உத்தரவு என்று கேட்க இடது காதுப் பஞ்சை எடுத்தேன். அதே நேரத்தில் பக்கத்துப் பீரங்கி வெடித்தது. விழுந்து எழுந்தபோது கழுத்தில் ரத்தம் வழிந்துகொண்டிருந்தது. அந்தக் காது அன்றோடு சரி. வலது காதிலும் பத்து நாளைக்கு ஓயாத இரைச்சல். கிழிந்த இடத்தில் சீழ் பிடித்து மூன்று மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தேன்.

அங்கே டாக்டருக்குத் தமிழ் தெரியாது. எனக்குத் தெரிந்த இந்தி, பெரேடு மைதானத்தில் கத்துகிற இந்தி மட்டும். அதனால் எங்கள் படைப்பிரிவிலிருந்து ஒருவரை எனக்குப் பேச அனுப்பினார்கள். தொப்பூர்க்காரர். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். ஊரை விட்டு அவ்வளவு தூரத்தில் நம் ஜில்லாக்காரர் ஒருவர் இருக்கிறாரே என்று நான் அவரை ‘அண்ணா, அண்ணா’ என்று சுற்றிச் சுற்றி வந்தவன். டாக்டர் கேட்பார். அண்ணன் என் வலது காதுக்குப் பக்கத்தில் குனிந்து தமிழில் கத்துவார். நான் சொல்வதை அவர் இந்தியில் டாக்டரிடம் சொல்வார். என்ன சொன்னார் என்பது அந்த இரைச்சலில் எனக்குக் கேட்கவில்லை. டாக்டர் எழுதிக்கொண்டார். தாளின் அடியில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள், போட்டேன்.

பீரங்கியால் போன காது என்று சொல்லித்தான் எனக்குப் பெண் கொடுத்தார்கள். சர்ச்சில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்கும் முன்பே இதைப் பங்குச் சாமியாரிடமும் சொல்லியிருந்தேன். இப்போது அதெல்லாம் பொய் என்று சர்க்கார் காகிதமே சொல்கிறது. ஒரு வாரத்துக்குள் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் என்னைப் பார்த்து ஆட்கள் குசுகுசுவென்று பேச ஆரம்பித்தார்கள். இடது பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து பேசினார்கள். அந்தப் பக்கம் கேட்காது என்று தெரிந்துதான்.

மனைவி சமைத்தாள், துவைத்தாள், மாட்டைப் பார்த்துக்கொண்டாள். என்னோடு மட்டும் பேசவில்லை. ஒரு நாள் தட்டை வைத்துக்கொண்டே, “எனக்கு ஒன்னு மட்டும் சொல்லுங்க. சின்ன வயசுல ஒங்களுக்குக் காதுல ஒன்னுமே வந்ததில்லியா?” என்றாள்.

“ஒரு தடவ சீழ் வந்துச்சு. எட்டொம்பது வயசு இருக்கும். கன்னியாஸ்திரிங்க ஆஸ்பத்திரில மருந்து ஊத்துனாங்க. சரியாப் போச்சு.”

“அத ஏன் எங்கிட்ட சொல்லல?”

“சரியாப் போனத எதுக்குச் சொல்லணும்? ஒனக்குச் சின்ன வயசுல அம்மை போட்டதெல்லாம் எங்கிட்ட சொன்னியா?”

தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நான் இன்னும் சாப்பிடவே ஆரம்பிக்கவில்லை.

ஏரியூரில் பஸ் ஏறி, பென்னாகரத்தில் மாறி, தர்மபுரி போனேன். கோர்ட்டுக்கு வெளியே புளியமரத்தடியில் மேசை போட்டு மனு டைப் அடிக்கிற ஒருவர் இருந்தார். அவரே பழைய மிலிட்டிரி கிளார்க். ராணுவத்து மனுவென்றால் எல்லாரும் அவரிடம்தான் போவார்கள். கடிதத்தைப் படித்துவிட்டு மேசைமேல் விட்டெறிந்தார்.

“இதுல என்னா தப்பு இருக்குது? நீயே சொல்லியிருக்க. கையெழுத்து வேற போட்டிருக்க.”

“நான் அப்பிடிச் சொல்லலீங்க.”

“எல்லாரும் இதத்தான் சொல்றானுங்க. பென்ஷன் இல்லன்ன ஒடனே, நான் சொல்லல, நான் சொல்லல. படிக்காம எதுக்குய்யா கையெழுத்துப் போட்ட?”

காது கிழிந்து கட்டுப் போட்டுக் கிடந்தவனிடம் கேட்கிற கேள்வியா என்று கத்தினேன். மரத்தடியில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் அசையவில்லை. ரிப்பனைச் சரிசெய்துகொண்டே சொன்னார்: “கத்துனா ரெக்கார்டு மாறாது. ரெண்டு காயிதம் வேணும். ஒன்னு, அன்னிக்கி ஒனக்காகப் பேசுனவன், நான் தப்பாச் சொல்லிட்டன்னு எழுதிக் குடுக்கணும். ரெண்டாவது, சின்ன வயசுல ஒனக்குக் காது நல்லா இருந்துச்சுன்னு அத்தாட்சி. ரெண்டும் இல்லாம என் மேசைக்கு வராத.”

தொப்பூர்க்காரர் அதற்குள் சர்வீஸ் முடித்து ஊருக்கு வந்து, கணவாய்க்குக் கீழே ரோட்டோரம் ஒரு சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். மறுநாளே போனேன். கூரைக்கொட்டகை, நாலைந்து பெஞ்சு, வெளியே வரிசையாக லாரிகள். வடநாட்டு டிரைவர்கள் ரொட்டி தின்றுகொண்டிருந்தார்கள். அவர்களோடு இந்தியில் வெளுத்துக் கட்டிக்கொண்டிருந்தவர், என்னைப் பார்த்ததும் கல்லாவிலிருந்து எழுந்து வந்து கட்டிப்பிடித்துக்கொண்டார். இலை போடச் சொன்னார். நான் உட்காரவில்லை. கடிதத்தை நீட்டினேன்.

படித்தார். முகம் கொஞ்சம் மாறியது.

“இதுக்கு நான் என்னாடா பண்ணட்டும்?”

“அன்னிக்கி டாக்டர்கிட்ட என்னா சொன்னீங்கணா?”

“நீ சொன்னதத்தான் சொன்னன். சின்ன வயசுல காதுல சீழ் வந்துச்சுன்ன. பச்பன் ஸே ஹைன்னு சொன்னன்.”

எனக்கு அதற்குள் ஓரளவு இந்தி வந்திருந்தது. ஆஸ்பத்திரியில் கிடந்த மூன்று மாதத்தில் வந்த இந்தி. பச்பன் என்றால் சிறு வயது. ‘பச்பன் மே’ என்றால் சிறு வயதில். ‘பச்பன் ஸே’ என்றால் சிறு வயதிலிருந்து. ஒரே ஒரு எழுத்துதான் வித்தியாசம்.

“மேன்னு சொல்லியிருக்கணும்ணா. ஸேன்னு சொல்லிட்டீங்க. சரியாப் போச்சுன்னு நான் சொன்னேனே, அத டாக்டர்கிட்ட சொன்னீங்களா?”

“மேயோ ஸேயோ, யாருக்குடா ஞாபகம்? அன்னிக்கி நாலு பேருக்குப் பேசிட்டு வந்தன். ஒனக்கு ஒத்தாசைக்கு வந்தன், அதுக்கு இப்ப கணக்குக் கேக்க வந்துட்ட.”

“கணக்குக் கேக்கல. தப்பாச் சொல்லிட்டன்னு ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுங்க.”

அவர் கடிதத்தை மடித்து என் சட்டைப் பையில் திணித்தார். “தப்பாச் சொன்னன்னு நான் எழுதிக் குடுக்கறதா? நாளைக்கி எம் பென்ஷன்ல கைய வெச்சானுங்கன்னா நீயா வந்து சோறு போடுவ? போடா.”

“நீ சொன்ன ஒரு வார்த்தையில எங்குடும்பமே போயிடும்போல இருக்குது” என்றேன். அன்றுதான் அவரை முதல்முறையாக ‘நீ’ என்றது.

“ஒழுங்கா இந்தி கத்துக்காம மூணு வருசம் மாடு மேச்சியா அங்க?”

பெஞ்சை எட்டி உதைத்தேன். ஒரு டிரைவரின் குழம்புக் கிண்ணம் கவிழ்ந்தது. இரண்டு பேர் என்னை அள்ளிப் பிடித்து ரோட்டுக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். அவர் பின்னாலேயே வந்து, என் இடது பக்கம் நின்று ஏதோ சொன்னார். டிரைவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. எந்தப் பக்கம் கேட்காது என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். என் வாழ்க்கையில் ஒருவரைக் கொன்றுபோடலாம் என்று நினைத்தது அந்த ஒரு நிமிஷம்தான்.

இரண்டாவது காகிதத்துக்குக் கன்னியாஸ்திரிகள் நடத்திய மருந்தகத்துக்குப் போனேன். எங்கள் ஊரிலிருந்து நடக்கிற தூரம்தான். எனக்கு மருந்து ஊற்றிய சிஸ்டர் வேறு எங்கோ மாற்றலாகிப் போய்விட்டிருந்தார். இருந்தவர் பழைய நோட்டுகளை எல்லாம் வைத்திருந்த மரப்பெட்டியைத் திறந்துவிட்டு, “நீயே தேடிக்க தம்பி” என்றார். இரண்டு நாள் தேடினேன். கரையான் அரித்த நோட்டுக்குள் என் பெயர் இருந்தது. வயது ஒன்பது. இடது காதில் சீழ். எட்டு நாள் சொட்டு மருந்து. கடைசியில் ஒரே வார்த்தை: குணம். சிஸ்டர் அந்தப் பக்கத்தை அப்படியே பிரதி எடுத்து, முத்திரை வைத்துக் கொடுத்தார்.

புளியமரத்தடிக்காரர் அதைப் படித்ததும் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“காது நல்லா இருந்துச்சுன்னு அத்தாட்சி கொண்டாடான்னா, சீழ் வந்ததுக்கே அத்தாட்சி கொண்டாந்திருக்க. இதக் குடுத்தா உன் கேஸுல நீயே மண்ணள்ளிப் போட்டுக்கற மாதிரி. கிழிச்சுப் போடு. ஸ்கூல் வாத்தியார்கிட்ட நல்ல பையன், நல்ல காதுன்னு ஒரு சர்ட்டிபிகேட் வாங்கிட்டு வா.”

“சரியாப் போச்சுன்னும் அதுல இருக்குதுங்களே.”

“அவனுங்க அதப் படிக்க மாட்டானுங்க. சீழ்னு இருக்கறதோட நிறுத்திக்குவானுங்க.”

அவர் சொன்னது நடக்கக்கூடியதுதான். எனக்கும் அது தெரிந்தது. படையில் சேரும்போது, ஏதாவது வியாதி வந்திருக்கிறதா என்று கேட்டபோது, இல்லை என்று நான் சொன்னதும் உண்மைதான். ஒன்பது வயதில் வந்துபோன சீழ் அன்று என் நினைவிலேயே இல்லை. ஆனால் இப்போது நினைவில் இருக்கிறது. கையிலும் காகிதமாக இருக்கிறது.

“மறைச்சவன்னு எழுதிட்டானுங்க. இப்ப இதையும் கிழிச்சுப் போட்டா நான் நெசமாவே மறைச்சவன்தானுங்க?”

“அப்ப ஒனக்குப் பென்ஷன் வேணாமா?”

“வேணும். அதுக்கு முன்னாடி அந்த வார்த்த போவணும்.”

என்னை ஒரு முட்டாளைப் பார்ப்பது போலப் பார்த்தார். தாளை மெஷினில் சொருகினார். தொப்பூர்க்காரரின் காகிதம் இல்லாததால், மொழிபெயர்த்துச் சொன்னவர் தவறாகச் சொல்லியிருக்கலாம் என்று மட்டும் எழுதினார். நோட்டுப் பக்கத்தின் பிரதியைக் கூடவே குத்தி அனுப்பினோம்.

அதன்பிறகு மாதக்கணக்கில் எந்தப் பதிலும் இல்லை. அந்த நாட்களில் ஒரு சாயங்காலம் வீடு திரும்பினால் மனைவி இல்லை. அப்பா வீட்டுக்குப் போய்விட்டாள் என்றுதான் நினைத்தேன். போய்க் கூப்பிடக்கூடாது என்று வீம்பாக உட்கார்ந்திருந்தேன். விளக்கு வைக்கிற நேரத்துக்கு வந்தாள். கால் முழுக்கப் புழுதி.

“தொப்பூருக்குப் போயிருந்தன்” என்றாள்.

“யார் ஒன்ன அங்க போகச் சொன்னது?”

“யாரும் சொல்லல. எங்கப்பன் ஒன்னு சொல்றாரு, நீங்க ஒன்னு சொல்றீங்க. நான் யார நம்பட்டும்? அந்தாளயே கேட்டுட்டு வரலாம்னுதான் போனன். கையெழுத்தெல்லாம் வேணாங்க, எம் புருசன் அன்னிக்கி என்னா சொன்னாரு, அத மட்டும் சொல்லுங்கன்னு கேட்டன்.”

“என்னா சொன்னான்?”

“சின்ன வயசுல ஒரு வாட்டி வந்துச்சு, அப்பவே சரியாப் போச்சுன்னுதாம்மா சொன்னான், நாந்தான் அவசரத்துல சுருக்கிச் சொல்லிட்டன்னு சொன்னாரு.”

“அத எழுதிக் குடுக்கச் சொல்ல வேண்டியதுதான?”

“கேட்டன். எழுந்து உள்ள போயிட்டாரு.” கால் கழுவக் குடத்தைத் தூக்கியவள் அதைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: “இந்த ஒம்பது மாசமா நீங்களும் எங்கிட்ட ஒழுங்காப் பேசல. அத ஞாபகம் வெச்சுக்கங்க.”

என்னை நம்பிவிட்டாள் என்று எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. என் மனைவிக்கு என்மேல் நம்பிக்கை வருவதற்கு அந்த ஆள் வாயைத் திறக்க வேண்டியிருந்ததே என்று வயிறு எரிந்தது. அன்றைக்கும் நாங்கள் சண்டைதான் போட்டோம். ஆனால் அது பேசிப் போட்ட சண்டை.

கடைசியில், மறுபரிசோதனைக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்தது. இரண்டு நாள் ரயிலில் போனேன். பெரிய ஆஸ்பத்திரி. மேசைக்குப் பின்னால் மூன்று டாக்டர்கள். எனக்காகப் பேச ஒரு தமிழ்ப் பையனை நிறுத்தியிருந்தார்கள். மீசைகூடச் சரியாக முளைக்காத சிப்பாய். என் பக்கம் குனிந்து, “பயப்படாதீங்கண்ணே, நான் சொல்லிக்கறேன்” என்றான். திருநெல்வேலிப் பக்கத்துப் பேச்சு. நல்லவன்தான்.

“நீ ஒன்னும் சொல்லிக்க வேணாம். வெளிய போய் நில்லு” என்றேன். அவன் முகம் சுண்டிப்போனது.

நடுவில் இருந்த அதிகாரி என்ன தகராறு என்று இந்தியில் கேட்டார். வரும் வழியெல்லாம் ரயிலில் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்ததை நானே சொன்னேன். பச்பன் மே, ஸாப். ஏக் பார். டீக் ஹோ கயா. சிறு வயதில், ஒரே ஒரு முறை, சரியாகிவிட்டது. பிறகு குரலை உயர்த்தி, பச்பன் ஸே நஹி என்றேன். மேசையில் இருந்த என் கோப்பைக் காட்டி இன்னொரு முறை சொன்னேன். குரல் தேவைக்கு மேல் ஏறிவிட்டது. வாசலில் நின்ற காவல்காரர் எட்டிப் பார்த்தார்.

அதிகாரி கையைக் காட்டி என்னை உட்காரச் சொன்னார். நோட்டுப் பக்கத்தின் பிரதியை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துக்கொண்டு படிக்கச் சொல்லி அந்தப் பையனைக் கூப்பிட்டார். அவன் ஒவ்வொரு வரியாக இந்தியில் சொன்னான். கடைசி வார்த்தைக்கு வந்ததும் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, மெதுவாக, சரியாகச் சொன்னான். அவனை வெளியே போகச் சொன்னதற்கு நான் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

ஆறு வாரம் கழித்து முடிவு வந்தது. இந்த முறை கடிதத்தை மச்சானிடம் கொடுக்கவில்லை. புளியமரத்தடிக்குக் கொண்டுபோய்ப் படிக்கச் சொன்னேன். ‘சிறு வயது முதல்’ என்பது நீக்கப்படுகிறது. ‘மறைக்கப்பட்டது’ என்பது நீக்கப்படுகிறது. நோய்க்கான காரணம் உறுதியாகத் தெரியவில்லை. பென்ஷன் பற்றிய முந்தைய முடிவில் மாற்றம் இல்லை.

“காரணம் தெரியலியா? பீரங்கி என் காதுக்குப் பக்கத்துல வெடிச்சுது, இவனுங்களுக்குக் காரணம் தெரியலியாமா?” என்றேன்.

“பஞ்ச எடுத்தத யாரு பாத்தா?” என்றார் அவர். “நீ கேட்ட வார்த்த போயிடுச்சு. வூட்டுக்குப் போ.”

போகவில்லை. அங்கேயே உட்கார்ந்து, ‘காரணம் தெரியவில்லை’ என்பதை மாற்றச் சொல்லி இன்னொரு மனு அடிக்கவைத்தேன். அதற்கு இரண்டு வரியில் பதில் வந்தது. இந்த விஷயம் முடிந்துவிட்டது, இனி எழுத வேண்டாம் என்று. மேலும் இரண்டு முறை எழுதினேன். பதிலே வரவில்லை. அதோடு விட்டேன்.

திருத்திய கடிதத்தை மாமனாரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். மகனைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டார். “சரி, சரி. காப்பி சாப்புடுங்க மாப்ள” என்றார். ‘ங்க’ திரும்பி வந்தது. அவ்வளவுதான். தப்பாகப் பேசிவிட்டேன் என்று அவர் சாகும்வரை சொல்லவில்லை. நானும் காப்பியைத் தொடாமல் எழுந்து வந்தேன்.

தொப்பூர்க்காரரை அதன்பிறகு ஒரே ஒரு முறை பார்த்தேன். அதியமான்கோட்டையில் ஒரு கல்யாணம். பந்தியில் எனக்கு எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. என்னைப் பார்த்துவிட்டு, எழுந்து வரலாமா என்று யோசித்தது தெரிந்தது. என் இலையில் அப்போதுதான் சோறு போட்டார்கள். இலையை மூடிவிட்டு, கை கழுவி, அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டேன். மனைவி வழியெல்லாம் என்னைத் திட்டிக்கொண்டே வந்தாள். அந்த ஆள் அவளிடமாவது உண்மையைச் சொன்னாரே, அதற்காகவாவது ஒரு வார்த்தை பேசியிருக்கலாம் என்றாள்.

அவளிடம் சொன்னதை ஒரு தாளில் எழுத அவருக்கு இரண்டு நிமிஷம் ஆகியிருக்கும். அந்த இரண்டு நிமிஷத்தை அவர் தரவில்லை. நானும் தருவதாக இல்லை.